படைவீரர் பணத்தாள்கள்

பழங்காசுகளைத் தேடித் தொகுப்போர் தமிழ்நாட்டிற் பலர் உளர். பணத்தாள்களைத் தொகுப்போர் அவர்களினும் சிலரே. அச்சிலருள்ளும் ஒரு சாரார், கடல் கடந்து சென்ற படைகளுக்கென அச்சிடப்பெற்ற தாள்களையே நாடிச் சேர்க்கின்றனர். சில ஆண்டுகளே செல்லுபடியாகிப் பின்னர் வெறுந்தாளாகிவிட்ட அவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று பிறர் வியப்பதுண்டு.

வேற்று நாட்டில் தங்கியுள்ள வீரனுக்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும். அதனை எந்தப் பணத்திற் கொடுப்பது? தாய்நாட்டுப் பணத்திற் கொடுத்தால், அதனைப் பெற அவ்வூர் மக்கள் போட்டியிடுவர், கள்ளச்சந்தை தழைக்கும், பகைவர் கையிலும் அது போய்ச் சேரும். அவ்வூர்ப் பணத்திற் கொடுத்தாலோ, போரினால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் சரியும். இவ்விரண்டிற்கும் இடையே கண்ட வழியே படைப்பணம் ஆகும்.

இதன் தேவையைச் செருமனி நன்கு உணர்த்தியது. 1945-இல் அந்நாட்டைக் கைப்பற்றிய நேசநாட்டுப் படைகள் ஒரே வகையான மார்க்குத் தாள்களை வழங்கின. அவற்றை அச்சிடும் தகடுகளை அமெரிக்கா 1944-இலேயே சோவியத்து நாட்டிற்கும் அளித்திருந்தது. சோவியத்து வீரர் பலருக்குப் பல மாதச் சம்பளப் பாக்கி இத்தாள்களில் ஒருங்கே கிடைத்தது. ஊருக்குக் கொண்டு செல்லப் பயன்படாத அப்பணத்தை அள்ளிக் கொடுத்து, அமெரிக்க வீரரிடம் கைக்கடிகாரமும் சிகரெட்டும் வாங்கினர். விற்றவரோ அதனை டாலராக மாற்றித் தம் வீட்டிற்கு அனுப்பினர். கொடுத்த சம்பளத்தினும் மிகுந்த தொகை திரும்பி வரக்கண்டு அமெரிக்க அதிகாரிகள் திகைத்தனர்.

ஆகவே 1946 செப்டம்பரில் அமெரிக்கப் படை தனக்கெனச் சம்பளத்தாள்களை வெளியிட்டது. பாசறைக் கடையிலும் உணவுச்சாலையிலும் மட்டுமே அவை செல்லும். ஐந்து சென்டிற்கும் தாளே அன்றி நாணயம் இல்லை. 1973 வரை பதின்மூன்று வரிசைகள் வெளிவந்தன. பிரிட்டிஷ் படையும் 1946-இல் இவ்வாறே தன் சிற்றுண்டிச்சாலைகளுக்கெனத் தனித் தாள்களை வழங்கியது.

அமெரிக்கர் இத்தாள்களை மாற்றிய முறை கடுமையானது. முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஒருநாட் காலையில் பாசறை வாயில்கள் மூடப்படும். வீரர்கள் பழைய தாளைக் கொடுத்துப் புதிய தாளைப் பெறுவர். மறுநாள் முதல் பழைய தாளுக்கு மதிப்பில்லை. வாயிலுக்கு வெளியே, துணி வெளுத்தும் உணவு விற்றும் அத்தாளை வாங்கி வைத்திருந்த வியட்நாமியர் அதனை மாற்ற வழியில்லை. அவர்கள் அதனை வைத்திருந்ததே சட்டத்திற்குப் புறம்பானது என்பது அதிகாரிகளின் வாதம். வாதம் சரியாயிருக்கலாம், உழைத்தவன் கூலி போனதும் மெய்யே.

தமிழருக்கு அணுக்கமானவை பர்மாத் தாள்கள். 1942-இல் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அங்கே வழங்குவதற்கென ரூபாய்த் தாள்களை அச்சிட்டனர். மலேயாவுக்கு அவர்கள் வெளியிட்டவை டாலர்த் தாள்கள். அவற்றுள் பத்து டாலர்த் தாளில் வாழைமரம் விளங்கியமையால் மக்கள் 'வாழைமரத் தாள்' என்றனர். பர்மாவுக்குரியவற்றில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், மலேயாவுக்குரியவற்றில் 'எம்' என்ற எழுத்தும் முன்னிற்பதால் இவற்றை எளிதில் இனங்காணலாம். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் இவை யாவும் செல்லாதனவாயின. தோட்டத் தொழிலாளி மூட்டை கட்டி வைத்திருந்த பணமும் அவற்றோடு போயிற்று.

பர்மாவிற்குத் திரும்பிய இந்தியப் படையோடு மற்றொரு தாள் சென்றது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையினரும் அப்போரில் பாலம் அமைத்தும் பாதை இட்டும் பணியாற்றினர். அக்காலத்தில் அங்கு வழங்கிய தாள், இந்திய ரூபாய்த் தாளேதான். ஆயினும் 'பர்மா இராணுவ ஆட்சி. பர்மாவில் மட்டும் செல்லும்' என்னும் பொருளுடைய ஆங்கில வரிகள் அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தன. 1947-இல் 'பர்மா நாணய வாரியம்' எனப் பொறித்த தாள்கள் வந்தன. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் விலை கொடுப்போர் இன்றும் உளர்.

அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கி, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளங்கும் கல்லாவி போன்ற ஊரொன்றில், பழைய தகரப் பெட்டியிலிருந்து அத்தகைய தாள் கிடைக்குமாயின், முதலிற் செய்ய வேண்டுவது ஒன்றும் செய்யாதிருத்தலே. அழுக்கு நீங்க நீரில் அலசுவதும், சுருக்கம் போக இஸ்திரி போடுவதும், கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டுவதும் தாளைக் கெடுக்கும். வெயில் படாத இடத்தில், மடிக்காமல் வைத்தல் நன்று. மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் சில நாளடைவில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

அதன்பின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் மேலச்சை ஆராய வேண்டும். இந்தியத் தாள் உண்மையானதாயிருக்க, பர்மா எழுத்துகள் மட்டும் பிற்காலத்தில் ஏமாற்றுவோரால் அச்சிடப்பட்டிருக்கலாம். கசங்கிய தாளின் மடிப்புகளின்மேல் மை வழிந்திருந்தால், அவ்வெழுத்து மடிப்பிற்குப் பின்னர் வந்தது என்பது வெளிப்படை.