அட்டை இருந்தவரும் இல்லாதவரும்

பொன்னமராவதியில் மொத்த வியாபாரம் செய்யும் நாம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசு மருத்துவமனையில்தான் மாத்திரை வாங்குகிறோம். காசில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடை லோடுமேன், மூட்டை இறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 108 வந்தது. புதுக்கோட்டை, அங்கிருந்து மதுரை. ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பஸ் செலவோடு குடும்பம் தப்பியது.

பிறகு நம்மிடம் சரக்கெடுக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் அதே நோய். அட்டை இல்லை. 2022-இல் ஆண்டு வருமான வரம்பை 72,000-இலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதாவது மாதம் 10,000. அதற்குச் சற்று மேலே நிற்பவர் எங்கே போவார்? இ.எஸ்.ஐ. வேலையாளுக்குத்தான், முதலாளிக்கு இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். நள்ளிரவில் பதறிய பிள்ளைகள் தனியாரிடம் ஓடினார்கள். நகை அடகுக்குப் போனது. நம் பேரேட்டில் அவர் பாக்கி இன்னும் நிற்கிறது. கேட்க வாய் வரவில்லை.

இருக்கிற திட்டமும் நிலைக்குமா என்ற கவலை வேறு. 2009-இல் வந்த கலைஞர் காப்பீடு 2011-இல் ஆட்சி மாறியதும் நின்றது. 2012 ஜனவரியில்தான் வேறு பெயரில் வந்தது. 70 வயதானோருக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் என மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. நமக்கு 67!

வணிகர் நல வாரிய உறுப்பினர்களை, பிரீமியத்தில் ஒரு பங்கை நாமே கட்டும் முறையிலாவது சேர்க்கச் சொல்லிச் சங்கம் கேட்க வேண்டும். சென்ற கூட்டத்தில் பேசினோம், தீர்மானமாகவில்லை. அடுத்த கூட்டத்திலும் எழுந்து பேசுவோம்.