வலது மேலே, இடது கீழே!

திருவண்ணாமலையில் கோல்ப் மைதானம் கிடையாது. அதைப் பற்றி ஊரில் யாருக்கும் குறையும் கிடையாது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களுக்கு, ஒரு வெள்ளைப் பந்தின் பின்னால் ஆறேழு கிலோமீட்டர் நடப்பது என்ன பிரமாதம்?

ஆனால் காலி மனைகளில் பையன்கள் கில்லி ஆடும்போது சற்று நின்று பாருங்கள். புஷ்டியான பையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடிக்கிறான். கில்லி நாலு முழம் போய் விழுகிறது. அடுத்து வருகிறான் ஓர் ஒல்லிப்பிச்சான். அலட்சியமாக ஒரு தட்டு. கில்லி எதிர்வீட்டுத் திண்ணையில்! கோல்ப் ஆட்டத்தில் பெரிய பெரிய ஆசாமிகளெல்லாம் ஆயுள் பூராவும் தேடிக்கொண்டிருப்பது அந்த ஒல்லிப் பையனின் வித்தையைத்தான். 'ஸ்விங்' என்கிறார்கள். நாம் 'வீச்சு' என்று வைத்துக்கொள்வோம்.

கோல்ப் பந்தின் எடை ஆறு பவுனுக்குச் சற்றுக் குறைவு. அது போய் விழவேண்டிய குழியின் அகலம் நாலேகால் அங்குலம். கிரிக்கெட்காரனுக்காவது, 'பந்து எழும்பாமல் தரையோடு வந்துவிட்டது ஸார்' என்று சொல்லச் சாக்கு உண்டு. இங்கே பந்து சமர்த்தாக, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தவறினால் பழி முழுவதும் அடித்தவருக்கே. கோல்ப்காரர்களில் பலர் ஏன் சதா கவலை தோய்ந்த முகத்துடன் காணப்படுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

வீச்சின் சூட்சுமத்தைத் துணி துவைக்கும் கல்லருகே போனால் எளிதில் பார்க்கலாம். ஈரத்துணியை ஓங்கும்போது இடுப்பு முதலில் திரும்புகிறது. பிறகு தோள், அப்புறம் கை, கடைசியில் மணிக்கட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் வரும் துணியின் நுனிதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் போய்க் கல்லில் 'பளார்' என்று விழுகிறது. கோல்ப் மட்டையும் அப்படியே. இந்த வரிசை மாறி, கை முந்திக்கொண்டால் போச்சு! வேகம் வழியிலேயே செலவாகிவிடும். பந்தும் மட்டையும் ஒட்டி நிற்கும் நேரமோ ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எதையும் திருத்த முடியாது. திருத்த வேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆகவேதான் பயிற்சி. நல்ல வாத்தியார் முதல் நாளே முழு வீச்சைக் காட்ட மாட்டார். சின்ன மட்டையைக் கொடுத்து, முழங்கால் உயரத்துக்கு மட்டும் வீசச் சொல்வார். பிறகு இடுப்பு உயரம். அப்புறம் தோள். பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடிக்கச் சொல்வார். பலத்தைக் காட்டினால் ஆளே தள்ளாடிவிடும் என்பதால் பலம் தானாக அடங்கும். பிடி எப்படி இருக்கவேண்டும் என்றால், கடைத்தெருக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போகும் பிடி. நழுவவும் கூடாது, நோகவும் கூடாது. ஒரே நாளில் பத்துத் தவறுகளைச் சொல்லும் வாத்தியாரிடம் கற்பதைவிட வாத்தியாரே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கட்சி. மனிதனால் ஒரு வீச்சுக்கு ஒரு யோசனைதான் தாங்க முடியும்.

பலம் இரண்டாம் பட்சம் என்பதற்குப் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கே சாட்சி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தூரம் அடிப்பதில் அவர் கடைசி வரிசை. ஆனாலும் நாலாவது இடம் வந்தார். ஒரே ஓர் அடியில் பதக்கம் தவறியது.

வீச்சைப் பற்றிய பாடமே பத்திரிகைத் தொடராக வந்ததுண்டு. 1957-ல் அமெரிக்காவின் பென் ஹோகன், படங்களுடன் ஐந்து பாடங்களை ஒரு வாரப் பத்திரிகையில் எழுதினார். பிறகு அது புத்தகமாகி இன்றுவரை விற்கிறது. 1949-ல் அவர் கார்மீது பஸ் மோதி, நடப்பாரா என்பதே சந்தேகமாயிருந்தது. மறு வருஷமே அமெரிக்க ஓப்பனை வென்றார்! இந்த ஹோகனுக்கு ஆரம்பத்தில் வாத்தியார் யார்? பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து கூலி வாங்கிய சிறுவன் அவர்.

பை சுமக்கும் பையனுக்குக் கோல்ப் பாஷையில் 'கேடி' என்று பெயர். நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் படம் மாட்டியிருக்கும் கேடி வேறு. இவன் பரம சாது. எஜமானர்கள் காசு கொடுத்துக் கற்கும் பாடத்தை எட்ட நின்று கண்ணாலேயே கற்றுக்கொள்பவன். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன் சௌராசியா, தானாகவே பழகி, 2016, 2017 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து அதே கோப்பையைத் தூக்கினார்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. அவர் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. பின்னால் போன கப்பல்களில் ஆற்காட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படி வடநாட்டிலிருந்து போன குடும்பங்கள் ஒன்றின் வாரிசு, டர்பனில் பிறந்த சிவசங்கர் சிவகோலம். எல்லோருக்கும் அவர் 'பாப்வா'. பள்ளிக்கூட வாசனை கிடையாது. சிறு வயதிலேயே வெள்ளைக்காரர்களுக்கு மட்டைப் பை சுமந்தார்.

மட்டை வாங்க வழியில்லை. மரக்கிளையை ஒடித்து அடித்துப் பழகினார். வலக்கை ஆட்டக்காரர்கள் இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிப்பது வழக்கம். ஹோகன் உள்பட எல்லாப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. பாப்வாவோ வலது மேலே, இடது கீழே! சொல்லித் திருத்த ஆள் இல்லை. அந்தத் தலைகீழ்ப் பிடியோடேயே ஆயிரம் ஆயிரம் முறை வீசினார். வீச்சு ஒவ்வொரு தடவையும் அச்சுப் பிசகாமல் வந்தது.

கிரஹாம் வுல்ப் என்ற ரசாயன நிபுணர் - 'ஆயில் ஆஃப் ஓலே' முகப் பூச்சைக் கண்டுபிடித்தவர் - இவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். 1959-ல் டச்சு ஓப்பனில் பாப்வாவுக்கு வெற்றி. 1960-ல் மறுபடியும். 1964-ல் மூன்றாம் முறை.

சொந்த ஊரில் நடந்தது வேறு. 1963-ல் நேட்டால் ஓப்பனில் வெள்ளையர்கள் அத்தனை பேரையும் அவர் தோற்கடித்தார். பரிசளிப்பின்போது மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள். ஜெயித்தவர் மட்டும் வெளியே. இந்தியர் உள்ளே வரக் கூடாது! மழையில் நின்றே கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1965-ல் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளி மறுபடியும் வென்றார். அடுத்த வருஷம் சர்க்கார் அவரைப் போட்டிகளிலிருந்தே விலக்கிவிட்டது. 1978-ல் வறுமையில் காலமானார்.

பாப்வாவுக்கு நல்ல வாத்தியார் கிடைத்திருந்தால்? முதல் நாளே அந்தக் கைகளை மாற்றி வைத்திருப்பார். அது லாபமா, நஷ்டமா? நான் வாத்தியாராக இருந்தால் அந்தக் கைகளைத் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் நிற்கும் நிலையையும் காற்றின் திசையையும் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்திருக்கலாம். கிளப்பின் கதவு திறந்திருந்தால் அது கிடைத்திருக்கும். ஆட விடாமல் தடுக்கப்பட்ட வருஷங்களை அவருக்கு எந்த வாத்தியார் திருப்பித் தருவார்?

பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கடைசி அடியில், இன்று பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் இடது கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறார்கள். அமெரிக்க இளைஞர் ஜோர்டன் ஸ்பீத் அப்படி உருட்டித்தான் 2015-ல் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் அமெரிக்க ஓப்பனையும் ஒரே வருஷத்தில் வென்றார். டர்பனில் இப்போது பாப்வாவின் பெயரில் ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது.