நர்ஸ் படித்த பிள்ளை வெளிநாட்டிலும் நர்ஸாக வேலை செய்ய

நீர்கொழும்பில் சிலாபம் பஸ்ஸில் ஏறினால், வென்னப்புவ, மாரவில பக்கம் ரோட்டோரத்தில் இத்தாலி பாணியில் கட்டிய மாடி வீடுகளைப் பார்க்கலாம். புத்தளம் மாவட்டத்தின் இந்தக் கரையைக் ‘குட்டி இத்தாலி’ என்பார்கள். போனவர்களில் அநேகர் அங்கே வீட்டு வேலையும் வயோதிபரைப் பராமரிக்கும் வேலையும்தான் செய்கிறார்கள். அது கௌரவமான உழைப்புத்தான். ஆனால் மூன்று வருடம் தாதிப் பயிற்சி முடித்த பிள்ளையும் அதே வேலையில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஏன்?

நம் சான்றிதழ் மட்டும் அங்கே செல்லாது. முதலில் இத்தாலியச் சுகாதார அமைச்சு அதை அங்கீகரிக்க வேண்டும். பிறகு அந்தந்த மாகாணத் தாதியர் மன்றத்தில் பதிய வேண்டும். அங்கே இத்தாலிய மொழியிலும் தொழில் விதிகளிலும் சோதனை வைப்பார்கள். அங்கீகாரம் கிடைத்து 2 வருடத்துக்குள் பதியாவிட்டால் அது காலாவதியாகிவிடும். 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில், வெளிநாட்டில் படித்த தாதியருக்குத் தற்காலிகமாக விதியைத் தளர்த்தினார்கள். அதை நம்பி நிரந்தரப் பதிவை விட்டுவிடக் கூடாது.

“அங்க போய்ப் பாத்துக்குவோம்” என்று கிளம்பாதீர்கள். இலங்கைத் தாதியர் பேரவைப் பதிவு, படித்த பாடங்களும் மணித்தியாலங்களும் காட்டும் பத்திரம், வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி, இத்தாலிய மொழிபெயர்ப்பு, கொழும்பிலுள்ள இத்தாலியத் தூதரகம் கொடுக்கும் மதிப்புச் சான்று ஆகியவற்றை இங்கிருந்தே எடுப்பதுதான் சுலபம். பேரவையில் பதிய முடியாத ஆறு மாதக் கோர்ஸுக்குக் காசு கட்டி ஏமாறவும் வேண்டாம்.

நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை, பேர். பிறப்புப் பத்திரத்தில் ‘சரஸ்பதி’, ஓ.எல். சான்றிதழில் ‘சரஸ்வதி’, பாஸ்போட்டில் அப்பா பேர் முன்னால். நமக்கு எல்லாம் ஒரே பிள்ளைதான். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆட்கள்! ஓர் எழுத்து வித்தியாசத்துக்கே விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்துவிடும். ஆகவே பெட்டியில் இருக்கிற பத்திரங்களை எல்லாம் இன்றைக்கே எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் விசாரியுங்கள். பாஸ்போட் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

ஏஜன்சிக்காரர் யாராவது வந்தால், லைசன்ஸ் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்தான் அந்த லைசன்ஸைக் கொடுக்கிறது. பணம் கொடுக்கும் முன்பே 1989 என்ற இலக்கத்துக்கு டெலிபோன் செய்து, அந்த லைசன்ஸ் உண்மையானதா என்று பணியகத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.