பழந்தரவு காத்தலும் களைதலும்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், தம்மோடு உரையாடுவோர் கூறியவற்றை நினைவில் இருத்திப் பின்னர் எடுத்தாளும் வகையில் இன்று அமைக்கப்பெறுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்நினைவு பெருகும். பெருகியவற்றுள் எவற்றைக் காப்பில் ஒதுக்குவது, எவற்றை அடியோடு களைவது என்னும் வினா அப்போது எழும். இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், அவற்றைப் பகுத்தறிதற்குரிய அளவுகோல் யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் கருவி இயங்குமாற்றைக் காண்போம். உரையாடற் செய்தி சிறு சிறு குறிப்புகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு குறிப்பின் பொருளும் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றப்பெற்றுத் தரவுத்தளத்தில் வைக்கப்படுகின்றது. வினா எழுங்கால், அவ்வினாவின் எண்வரிசைக்கு அணுக்கமானவை தேடி எடுக்கப்படுகின்றன. இவ்வாறு தேடுவது பொருளணுக்கமேயன்றிக் காலமுறை அன்று. ஆதலின், தனியே காலக்குறிப்பையும் நோக்குமாறு அமைத்தாலன்றி, நேற்றைய செய்தியும் பத்தாண்டுக்கு முந்தைய செய்தியும் ஒரே நிரையில் வந்து நிற்கும்.

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லியை அடுத்துள்ள பாரிவாக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வூர் ஏரியைப் பற்றிய செய்திகளை ஊரார் இத்தகைய கருவி ஒன்றில் பல்லாண்டு இட்டு வந்தனர் என வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று, மதகு பழுதுற்றது என்பது. அது பின்னர்ச் செப்பனிடப்பட்டதும் பதிவாகியுள்ளது. மற்றொன்று, 2015 டிசம்பர்ப் பெருமழையில் நீர் எதுவரை ஏறிற்று என்பது. மூன்றாவது, உழவர் ஒருவர் தம் நோயையும் கடனையும் பற்றிக் கூறியது.

முதற்குறிப்பு இன்றைய நிலையை உரைப்பதன்று. அது தேடலில் வந்தால் விடை பிழைபடும். எனினும் மதகு எப்போது பழுதுற்றது என்னும் வரலாற்றிற்கு அது சான்று. எனவே அதனை நடப்பு நிரையினின்று நீக்கி, நாளும் காரணமும் குறித்துக் காப்பில் இடல் வேண்டும். இரண்டாங்குறிப்பு பழையதாயினும், அடுத்த பெருமழையை அளத்தற்குரிய கோல் அதுவே. அது நடப்பிலேயே நிற்கத்தகும். மூன்றாங்குறிப்போ, நேற்று எழுதியதாயினும், அதன் நோக்கம் முடிந்தபின் காப்பிலும் இடம்பெறலாகாது, களையப்படல் வேண்டும். ஆகவே, பழமை ஒன்றே காத்தற்கோ களைதற்கோ காரணம் ஆகாது என்பது பெறப்படும்.

ஆராயாது அழித்தலின் இழப்பைத் தமிழர் நன்கறிவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் சிதைந்தவை என்று கருதப்பெற்று, நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பட்ட செய்தியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) பதிந்துள்ளார். அங்கே பொருள் இன்னதென நோக்குவார் இலர். ஏட்டின் தோற்றமே தீர்ப்பாயிற்று. இதற்கு மாறானதும் ஒன்றுண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பார் சென்னையைச் சூழ்ந்த ஜாகீர் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். கும்பினியின் ஆட்சித் தேவைக்காக எழுந்த அக்கணக்குகள், இன்று அவ்வூர்களின் வீடுகளையும் நிலங்களையும் தொழில்களையும் ஆராய்வார்க்கு மூலமாகின்றன. எழுதப்பட்ட காலத்து நோக்கம் வேறு, பிற்காலப் பயன் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

இதனால் யாவற்றையும் காக்க என்பார் உளர். அக்கொள்கை பிறர் மறைச்செய்திகளையும் என்றும் வைத்திருத்தற்கு வழியாகும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இசைவை மீட்டுக்கொண்டாலோ நோக்கம் நிறைவேறினாலோ, வேறு சட்டம் வைத்திருக்கப் பணித்தாலன்றி, அவர்தம் தரவை அழித்தல் வேண்டும் என வகுத்துள்ளது. மற்றொருபால், நடுவண் அரசின் ஆவணங்கட்குரிய 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், 1892-க்கு முற்பட்ட ஆவணம் எதனையும், பயன்கொள்ள இயலாவாறு சிதைந்ததெனக் காப்பகத் தலைவர் கருதினாலன்றி, அழித்தலாகாது என்கின்றது. அதன்வழி 1997-இல் எழுந்த விதிகள், அழிக்கப்படுவனவற்றின் பட்டியலை நிலையாக வைத்திருக்கப் பணிக்கின்றன. இவ்விரு சட்டங்களும் தம்முள் முரண்படுவன அல்ல. முன்னது தனிமனிதனைக் காப்பது, பின்னது பொதுநினைவைக் காப்பது.

இனி, களைதல் எளிதன்று என்பதும் அறியத்தகும். பல தரவுத்தளங்களில் நீக்கப்பட்டது உடனே மறைவதில்லை. நீக்கப்பட்டது என்னும் குறி மட்டும் இடப்பெற்று, பின்னர் நிகழும் துப்புரவிலேயே அவ்விடம் விடுபடுகின்றது. மூலக்குறிப்பை அழித்தும் அதன் எண்வரிசை எஞ்சலாம். அதனினின்று எழுதிய சுருக்கம் எஞ்சலாம். காப்புப் படிகளில் முழுவதும் எஞ்சலாம். கருவியைப் பயிற்றுதற்கு அத்தரவு முன்பே பயன்பட்டிருப்பின், தரவுத்தளத்தைத் துடைப்பதால் மட்டும் அது நீங்காது. இத்தனை இடங்களையும் நாடித் தீர்த்தலே களைதல் எனப்படும்.

ஆகவே ஒழுங்கு இவ்வாறு அமைதல் நன்று: முதலில் மதிப்பிடுக, மாறிய செய்தியைக் காப்பில் இடுக, நோக்கம் முடிந்த தனிச்செய்தியைக் களைக, களைந்ததன் வகை, நாள், காரணம், ஆணையிட்டார் பதவி ஆகியவற்றை மட்டும் பட்டியலிடுக. களைந்த செய்தியே அப்பட்டியலில் ஏறுமாயின் களைதல் பொய்யாகிவிடும். மதிப்பீட்டைக் கருவியிடமே விடுதலும் தகாது. எடுத்தாண்ட தடவையை எண்ணி அது ஒதுக்குமாயின், பல்லாண்டுக்கு ஒருகால் மட்டுமே வேண்டப்படும் பெருவெள்ளக் குறிப்பே முதலில் மறையும். அதன் பயனை முன்னரே உணர வல்லவர் ஏரியை அறிந்த ஊராரே. அவர்தம் தீர்ப்புக்குப் பின்னரே கருவி செயற்படல் வேண்டும் என்பது எம் துணிபு.