சுல்தானா கண்ட கனவு

ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். பெண்கள் ராஜ்யம் ஆளுகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. மேகத்திலிருந்து குழாய் வழியே நீர் இறங்குகிறது!

இந்த விந்தை நாட்டை 1905-ம் ஆண்டிலேயே கற்பனை செய்தவர் வங்காளத்து மாதரசி ரொக்கேயா சகாவத் ஹுசேன். 'சுல்தானாவின் கனவு' என்ற அந்த ஆங்கிலக் கதை முதலில் வெளிவந்த இடம் எது தெரியுமா? நம் சென்னைதான்! கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' அதைப் பிரசுரித்தது.

ரொக்கேயா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். கோஷா முறை கடுமையாக இருந்த வீட்டில், இரவில் அண்ணனிடம் ரகசியமாகக் கற்ற ஆங்கிலம் அது. அவரே 1911-ல் கல்கத்தாவில் 8 மாணவிகளுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

பனியன் நகரத்துக்கு என்ன சம்பந்தம்?

கதையில் ஒரு கேள்வி வருகிறது. தீங்கு செய்பவனை வெளியே விட்டு, தீங்கு செய்யாதவளை உள்ளே பூட்டி வைப்பது என்ன நியாயம்?

திருப்பூர் வட்டாரத்து மாணவிக்கு இது வெறும் கதையல்ல. கொங்கு நாட்டு நூல் மில்கள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகப் பேச்சு. நினைத்தபோது வெளியே போக முடியாது. காரணம் கேட்டால், "எல்லாம் பாதுகாப்புக்குத்தான்" என்ற பதில்!

கனடா நாட்டு மார்கரெட் அட்வுட் 1985-ல் எழுதிய நாவலில், பெண்கள் படிப்பதே குற்றமாகிறது. அது கல்லூரி வயதுக்கு உரியது. உயர்நிலைப் பள்ளி ஆங்கில வகுப்புக்குச் சுல்தானாவே ஏற்றவள்; கதை சிறியது, நடை எளியது, சிரிப்பும் உண்டு.

மாணவரும் மாணவியரும் சேர்ந்தே படிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் தன்னைக் கற்பனை செய்து பார்க்கும் பையன், "ஆண்களை அடைப்பது மட்டும் நியாயமா, டீச்சர்?" என்று நிச்சயம் கேட்பான். கேட்கட்டும்! அப்படியானால் பெண்ணை அடைப்பது எப்படி நியாயம் என்று அடுத்த பெஞ்சு கேட்கும். பாதுகாப்பு எது, சிறை எது என்று பிரித்தறியும் புத்தி அங்கேதான் பிறக்கும். நாளை மில் வாசலில் கையெழுத்துப் போடுமுன் அந்தப் பெண்ணுக்கும், அவளைப் பெற்றவர்களுக்கும் அந்தப் புத்தி துணை நிற்கும்.