வேலைக்குத் திரும்பும் அம்மா: தாய்ப்பாலோடு புட்டிப்பாலையும் பழக்குவது எப்படி?

பேறுகால விடுப்பு 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது. 2017-ல் வந்த திருத்தம் அது. முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பொருந்தும். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீக்கம், ரத்த அழுத்தம், தினமும் இரண்டு பஸ் மாறும் பயணம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் முன்கூட்டியே விடுப்பில் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போனவர் மறுபடி வேலையில் சேரும் நாளில் குழந்தைக்கு நான்கு மாதம்தான் முடிந்திருக்கும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கிறது. ஜவுளிக்கடையிலும் சித்தாள் வேலையிலும் இருப்பவர்களுக்கு விடுப்பு என்பதே பெரும்பாலும் பேச்சளவில்தான்.

இங்கேதான் ‘தாய்ப்பாலா, டப்பா பாலா’ என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைகிறது. ‘ரெண்டுல ஒண்ணு’ என்று கேட்பதே தப்பு. பகலில் சில வேளை வேறு பால், மற்ற வேளைகளில் தாய்ப்பால் என்று மாதக்கணக்கில் கொண்டுபோக முடியும். அவசரப்படாமல் பழக்கினால் போதும்.

ஏன் படிப்படியாக?

மார்பகத்தில் பால் சுரப்பது குழந்தை குடிக்கும் அளவைப் பொறுத்தது. குடிக்கக் குடிக்கச் சுரக்கும். தேங்கி நின்றால், ‘இவ்வளவு தேவையில்லை’ என்று உடல் புரிந்துகொண்டு சுரப்பைக் குறைக்கும். ஞாயிற்றுக்கிழமை வரை எட்டு வேளை பால் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை திடீரென்று மூன்று வேளையை நிறுத்தினால் உடலுக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது. மதியத்துக்குள் பால் கட்டிக்கொள்ளும், வலிக்கும், ரவிக்கை நனையும். அதற்கு மேலும் போனால் மார்பு சிவந்து, குளிர்க்காய்ச்சலே வந்துவிடும். குழந்தைக்கும் அது கஷ்டம்தான். இதுவரை அம்மாவின் மார்பைத் தவிர வேறு எதையும் வாயில் வைத்திராத பிள்ளைக்கு, ஒரே நாளில் பாலும் பாத்திரமும் கொடுக்கிற ஆளும் மாறிப்போனால் அழத்தான் செய்யும்.

குழந்தை பிறந்து ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்வரை, மருத்துவக் காரணம் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். சுரப்பு நிலைபெறும் காலம் அது.

எந்த வேளையை முதலில் மாற்றுவது?

ஓர் உதாரணம் பார்ப்போம். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்பும் ஓர் அம்மா. கிளம்பும் முன் எட்டு மணிக்கு ஒருமுறை, வந்ததும் ஒருமுறை கொடுத்துவிடலாம். இடையில் பதினொன்று, இரண்டு, நாலரை என்று மூன்று வேளைதான் பிரச்சினை. விடுப்பு முடிய நான்கு வாரம் இருக்கும்போது இரண்டு மணிப் பாலை மட்டும் மாற்றுங்கள். நான்கைந்து நாள் அப்படியே விடுங்கள். மார்பில் கனம் குறைந்து, குழந்தையும் பழகியபின் பதினொரு மணிப் பால். இன்னும் நான்கைந்து நாள் கழித்து நாலரை மணிப் பால். இந்தக் கடைசி வேளையில் அளவைக் குறைத்துக் கொடுப்பது நல்லது. வயிறு முட்டக் குடித்த பிள்ளை, அம்மா ஆறரைக்குக் கனத்த மார்போடு வந்து நிற்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

விடியற்காலைப் பாலிலும் ராத்திரிப் பாலிலும் கை வைக்க வேண்டாம். பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். ‘ராத்திரி ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தா நல்லா தூங்கும், நீயும் தூங்கலாம்’ என்று வீட்டில் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சுரப்பு நீடிக்க வேண்டுமென்றால் முதலில் மாற்ற வேண்டியது பகல் பாலைத்தான்.

இடையில் மார்பு கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி எடுங்கள். முழுவதும் எடுத்தால் உடல் அந்த வேளையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மறுபடி சுரக்கும். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. சும்மா சொல்வதில்லை அது. சுரப்பைக் குறைப்பதில் மாத்திரைக்கு ஈடாகப் பூ வேலை செய்ததாக வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988-ல் ஆய்வே வெளியிட்டார்கள். அதனால்தான் எச்சரிக்கையும் தேவை. அது பாலை அடியோடு நிறுத்துகிறவர்களுக்கு. பாதியைத் தொடர நினைப்பவர்கள் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றாக எதைக் கொடுப்பது?

முடிந்தால் பீய்ச்சி வைத்த தாய்ப்பால். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை குழந்தை ஒரு நாளில் குடிக்கும் தாய்ப்பால் சராசரியாக 750 முதல் 800 மில்லி. எட்டு வேளை என்றால் வேளைக்கு நூறு மில்லி அளவு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வேலை நேரத்தில் வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு பாலூட்டும் இடைவேளை பெற உங்களுக்கு உரிமை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் குழந்தைகள் காப்பகமும், ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதியும் தர வேண்டும். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில் கழிப்பறையைத் தவிரக் கதவைத் தாழ்போட ஓர் அறை இல்லாத அலுவலகங்கள்தான் அதிகம். எங்கே உட்கார்ந்து பால் எடுப்பது என்று விடுப்பு முடியும் முன்பே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எடுத்த பால் 25 டிகிரி அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். மே மாதச் சென்னையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு இந்தக் கணக்கு செல்லாது; உடனே குளிர்ப்பெட்டிக்குப் போக வேண்டும். கதவில் வைக்காமல் உள்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம்.

அது முடியாதபோது பவுடர் பால். எந்த வகை என்பதைக் குழந்தைநல மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு இந்தியாவில் விளம்பரமே செய்யக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. அப்படியிருந்தும் சமூக வலைதளத்தில் யாராவது ஒரு டப்பாவைக் காட்டிப் புகழ்ந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கலக்கும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். பவுடரில் கிருமி இருக்க வாய்ப்புண்டு, அதனால் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். கொதிக்கவைத்து இறக்கி அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே கலக்க வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடர். கரண்டியில் குவியலாக எடுக்காமல் தலைதட்டிப் போட வேண்டும். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி. உங்கள் டப்பாவில் போட்டிருப்பதே உங்களுக்குக் கணக்கு. ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழந்தை குடிக்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கொட்ட மனசு வராது, டப்பா விலை அப்படி. அதே காரணத்துக்காகத்தான் மாசக் கடைசியில் ஒரு கரண்டி குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதும் நடக்கிறது. வயிறு நிறையும், எடை ஏறாது. ‘புஷ்டியா வரட்டும்’ என்று ஒரு கரண்டி கூட்டினால் மலம் இறுகும், உடலில் நீர் குறையும். கட்டுப்படியாகாத நிலை இருந்தால், பவுடர் பால் வேளைகளைக் குறைத்துத் தாய்ப்பால் வேளைகளைக் கூட்டுவதுதான் வழி. பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது வேண்டாம். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாக்கினால் இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரும்.

புட்டியா, பாலாடையா?

தலைப்பில் புட்டிப்பால் என்று போட்டாலும் புட்டி கட்டாயமில்லை. நம் பாட்டிகள் பயன்படுத்திய பாலாடை, சில ஊர்களில் சங்கு என்பார்கள், இன்றும் குறைமாதக் குழந்தைகளுக்கான மருத்துவமனைப் பிரிவுகளில் பயன்படுகிறது. மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவது சுலபம். ரப்பர் காம்பு கிடையாது என்பதால், ‘புட்டியில் சுலபமாக வருகிறதே’ என்று மார்பை மறுக்கும் பழக்கமும் வராது. குழந்தையைச் சாய்வாக உட்காரவைத்து, உதட்டோரம் பாலாடையை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். படுக்கவைத்து ஊற்றினால் புரை ஏறும். நேரம் கூட ஆகும், கொஞ்சம் சிந்தும். பொறுமையான பாட்டியோ அத்தையோ இருக்கும் வீட்டுக்கு இதுதான் நல்லது.

புட்டிதான் வசதி என்றால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைப் படுக்கை வாட்டில் வைத்து, நடுநடுவே நிறுத்திக் கொடுங்கள். காலியாகியே தீர வேண்டும் என்று திணிக்காதீர்கள். தினமும் கொதிநீரில் போட்டு எடுப்பதில் சோம்பல் கூடாது.

முதல் சில நாள் வேறு ஒருவர் கொடுக்கட்டும். அம்மாவின் வாசனை பக்கத்தில் இருந்தால் குழந்தை மார்பைத்தான் தேடும். அடுத்த அறைக்கோ மொட்டை மாடிக்கோ போய்விடுங்கள். பசியில் வீறிட்டு அழும்போது புதுப் பாத்திரத்தைப் பழக்க வேண்டாம். லேசாகப் பசிக்கும்போது முதல் நாள் 20, 30 மில்லி போதும்.

பால் போதவில்லையா?

வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே ‘உனக்குப் பால் பத்தலை’ என்று யாராவது சொல்வார்கள். குழந்தை அழுவதையோ மார்பு தளர்வாக இருப்பதையோ வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறதா, தடுப்பூசி அட்டையில் எடைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். பகலில் குறைவாகக் குடித்துவிட்டு ராத்திரி அம்மாவிடம் திரும்பத் திரும்ப வந்து குடிக்கும் பிள்ளைகளும் உண்டு. தூக்கம் கெடும், சுரப்புக்கு அது நல்லதுதான். விடுமுறை நாட்களில் பகலிலும் மார்பிலேயே கொடுக்கலாம்.

பவுடர் பால் ஆரம்பித்ததும் மலம் கொஞ்சம் கெட்டியாகும், நாற்றம் கூடும். இது இயல்பு. தோலில் தடிப்பு, ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் பவுடரை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ஆனால் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால், ஒரு வேளையை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.