இட்லித் தட்டுக்குள் ஒளிந்திருக்கும் வீடியோ கேம்!

ஒரு வீடியோ கேமின் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அடுப்பங்கரைதான். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது, அரக்கன் கிடையாது. இட்லிப் பானை இருக்கிறது, புட்டுக்குழல் இருக்கிறது, மூலையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. நைந்துபோன சமையல் குறிப்பு நோட்டு ஒன்றும் இருக்கிறது. இவ்வளவுதான் தளவாடம். இதை வைத்துக்கொண்டு ‘வெண்பா’ என்ற இந்தச் சின்ன விளையாட்டு 2024-இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக வந்தது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவிலும் முதல் பெரிய பரிசைத் தட்டிக்கொண்டு போனது!

வீடியோ கேம் என்றாலே பள்ளிக்கூடப் பையன்கள் சமாச்சாரம் என்று ஒதுங்குகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. அவர்களையும் உட்கார வைக்கிற விளையாட்டு ஒன்று உண்டா, உண்டென்றால் அதன் உள்ளே என்ன பொறி இருக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் சிதம்பரம் மேல வீதிக்கும் கடலூர் முதுநகருக்கும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கதை கனடாவில், வாசனை நம் ஊரில்

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். செய்தது டொராண்டோவில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’. இயக்கியவர் அபி, சிறுவனாகத் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போனவர். ஓவியப் பொறுப்பு சாம் எல்கானா. 2023 ஜூலை 31 அன்று கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று எல்லாவற்றிலும் வெளியானது.

கதை 1988-இல் தொடங்குகிறது. வெண்பா, அவள் கணவன் பாவலன், பிறகு பிறக்கும் மகன் கவின். டொராண்டோவில் வேர்விட முயலும் ஒரு தமிழ்க் குடும்பம். புலம்பெயர்ந்தோர் கதைகளைப் பெரும்பாலும் பிள்ளைகளின் பக்கத்திலிருந்துதான் சொல்கிறார்கள். அபியோ பெற்றோரின் பக்கம் போய் நின்றுகொண்டார். பெரியவர்களுக்கான கதவு இங்கேதான் திறக்கிறது! விளையாடுகிறவர் பிடித்திருப்பது வாளையோ தேரையோ அல்ல, ஒரு அம்மாவின் கையை. அவள் அம்மா கொடுத்தனுப்பிய குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை நாம்தான் ஊகித்துச் சமைத்து முடிக்க வேண்டும்.

சித்தி போட்ட முதல் மார்க்

மேல வீதியில் சித்தி வீடு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் கணினியைத் தொட்டதேயில்லை. “எனக்கெதுக்குடா இதெல்லாம்” என்று ஆரம்பித்தவர், திரையில் இட்லிப் பானையைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உரையாடல்களை நான் வாசித்துச் சொல்ல, சுண்டெலி அவர் கையில்.

முதல் புதிர் இட்லி. தண்ணீர் ஊற்று, மாவை ஊற்று, தட்டுகளை அடுக்கு. இங்கேதான் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் முழித்தார்கள். தட்டுகளைக் குழிக்கு நேர் மேலே குழி வரும்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறாது, இட்லி வேகாது. நோட்டில் அந்த இடம் அழிந்துபோய் இருக்கிறது. நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

சித்தி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “குழி மேல குழி வைக்கக் கூடாதுடா, தட்டைக் கொஞ்சம் திருப்பி வைக்கணும். எப்படித் திருப்பறது, சொல்லு!” திருப்பினார். வெந்தது. ஆவியோடு இட்லி வெளியே வந்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! அடுத்தது புட்டு. துளை போட்ட சில்லு, மாவு, தேங்காய் என்று வரிசை பிசகாமல் அடைத்துக்கொண்டே, “எங்கம்மா கடலைப்பருப்புகூடச் சேர்ப்பா” என்று தன் கதையையும் சேர்த்துக்கொண்டார். நான் கல்லூரித் தோழர்களோடு முதன்முறை ஆடியபோது அந்த இட்லிப் புதிருக்கு எடுத்த நேரத்தில் சித்தி அடுத்த அத்தியாயத்துக்கே போய்விட்டார்.

பொறி இதுதான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம்! சராசரி விளையாட்டு விரலின் வேகத்தைக் கேட்கிறது. இருபது வயதுக்காரனிடம் அது இருக்கிறது. அறுபது வயதுக்காரரிடம் இருப்பது அறுபது வருஷம். அந்த வருஷங்களைச் செலவழிக்க இடம் கொடுக்கும் விளையாட்டு எதுவோ, அதுதான் அவருக்கான விளையாட்டு.

மூடியைத் திறந்து பார்த்தால்...

வெண்பாவுக்குள் இன்னும் சில நுட்பங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரியவர்களின் வாழ்க்கையை அறிந்து வைத்தது.

முதலாவது நேரம். மொத்த விளையாட்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் அத்தியாயம் அத்தியாயமாக. குக்கர் கத்தினால் எழுந்து போகலாம், வாசலில் ஆள் வந்தால் எழுந்து போகலாம், திரும்பி வந்தால் கதை அங்கேயே காத்திருக்கும். வேலை, வீடு, மருத்துவர், கல்யாணம் என்று நாள் முழுக்கத் துண்டுபட்டுக் கிடக்கிறவர்களிடம் நூறு மணி நேரம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது, தப்பு செய்தால் தண்டனை இல்லை. கடிகாரம் ஓடாது, மதிப்பெண் கிடையாது, உயிர் போகாது. பதார்த்தம் சரியாக வராவிட்டால் மறுபடி செய்யலாம், வேண்டுமென்றால் துப்பும் கேட்டுக்கொள்ளலாம். புதிய கருவியைத் தொடும் பெரியவர்களுக்கு முதல் பயமே, எதையாவது கெடுத்துவிடுவோமோ என்பதுதான். அந்தப் பயத்தைத் துடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே ஆட்டக்காரர் பணயம் வைப்பது நிஜ வாழ்க்கை உறவை. மகன் பீட்சா கேட்கிறான், அம்மா புட்டு அவிக்கிறாள். வருஷங்கள் ஓட ஓட அவன் பேச்சு அவளிடமிருந்து நழுவுகிறது. எந்த வார்த்தையைச் சொல்லலாம், எதை விழுங்கிவிடலாம் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற வீடுகள் நம் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் எத்தனை! அந்த வீட்டு அம்மாக்களுக்கு இது கற்பனைக் கதையா என்ன? சித்தி ஓர் இடத்தில் சுண்டெலியை விட்டுவிட்டு, “இவன் போன் பண்ணுவானா மாட்டானா, அதை முதல்ல சொல்லு” என்றார். சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ஆடிப் பாருங்கள்!

ரேடியோவையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலிலும் புதிதாகவே பாட்டுகள் போட்டிருக்கிறார்கள். வசனம் எதுவுமில்லாமல் காதுக்கே காலம் மாறுவது தெரிகிறது. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் அந்த மாற்றம் முழுசாகப் பிடிபடும். இங்கேயும் வயதுக்குத்தான் லாபம்.

உலகம் முழுக்க இதே சூத்திரம்

வெண்பா மட்டுமல்ல, வளர்ந்தவர்கள் உருகிப்போகிற விளையாட்டுகளை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இதே பொறிதான் சுழல்கிறது.

ஆஸ்திரேலியாவின் ‘விட்ச் பீம்’ 2021-இல் வெளியிட்ட ‘அன்பேக்கிங்’கில் ஒரே வேலைதான்: வீடு மாறும்போது பெட்டிகளைப் பிரித்துச் சாமானை எடுத்து வைப்பது. 1997 முதல் 2018 வரை ஒரு பெண் மாறிய வீடுகள். 2010-இல் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட எந்தச் சுவரிலும் இடமில்லை. தேடித் தேடிக் கடைசியில் கட்டிலுக்கு அடியில்தான் அது நுழைகிறது. ஒரு சொல் பேசாமல் அந்த உறவின் தலையெழுத்தையே சொல்லிவிட்டார்கள்! வீடு மாறி, பிறர் வீட்டில் தன் சாமானுக்கு இடம் தேடியவர்களுக்கு நெஞ்சில் நேராகப் போய்க் குத்தும்.

லூகாஸ் போப் 2013-இல் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ஸில் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. கணவனின் காகிதங்கள் எல்லாம் சரி, உள்ளே விட்டாயிற்று. அடுத்து மனைவி வருகிறாள், அவளிடம் அனுமதிச் சீட்டு இல்லை. இரக்கப்பட்டு விட்டால் எச்சரிக்கை வரும், தொடர்ந்து விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். சாயங்காலம் அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, சாப்பாடு, குடும்பத்தாருக்கு மருந்து. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் பொறுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நெருக்கடியை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

பெரியவர்கள் எப்போது ஆடாமல் இருந்தார்கள்?

நம் பக்கத்தில் விளையாட்டு குழந்தைகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லையே! வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பெரியவர்கள் பரமபதம் ஆடுவது பழைய வழக்கம். தில்லையில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதி, கடலூர்ப் பக்கம் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் என்று ஏகாதசிக்குப் பேர்போன இடங்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. பரமபதப் படத்தில் ஏணிக்குப் புண்ணியத்தின் பெயர், பாம்புக்குப் பாவத்தின் பெயர். அதே ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய்க் குழந்தைகளின் பாம்பும் ஏணியுமாக மாறியது. இங்கே அதை உருட்டியவர்களோ வாழ்க்கையில் எந்தப் பாம்பு தங்களைக் கடித்தது என்று அறிந்தவர்கள். தாயக்கட்டைக்கும் பல்லாங்குழிக்கும் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் பாட்டிகள்தானே? ஆக, ஆசை எப்போதும் இருந்தது. திரைக்குள் அவர்களுக்கென்று ஆட்டம் வைக்கத்தான் ரொம்ப நாளாயிற்று.

கடலூர் லெவல், சிதம்பரம் லெவல்

இப்போது நம் கைவண்ணம்! விளையாட்டு வடிவமைப்பவர்கள் நிரல் எழுதும் முன் காகிதத் துண்டுகளில் ஆடிப் பார்ப்பது உண்டு. அதை நாமும் செய்துவிடலாமே என்று கடலூர் முதுநகரில் அத்தை வீட்டுத் தரையில் துண்டுகளைப் பரப்பினேன். மீன் குழம்பு. துண்டுக்கு ஒரு படி எழுதி, அத்தை சொன்ன ஒரு படியை மட்டும் வெற்றாக விட்டேன்.

மீனைப் போட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் அந்த வெற்றுத் துண்டு. ஆடிய இளசுகள் எல்லாரும் “கரண்டியால் கிளறு” என்றார்கள். அத்தைக்குப் பொறுக்கவில்லை. “கரண்டியைப் போட்டா மீன் உடைஞ்சி முள்ளும் குழம்புமாயிடும். சட்டியைத் துணியால புடிச்சி ஒரு சுத்து சுத்தி வுடு, போதும்.” அடடா, இதைவிட அழகான புதிர் வேண்டுமா! திரையில் கரண்டியும் இருக்கும், துணியும் இருக்கும். எதை எடுப்பீர்கள்? துறைமுகத்து மீனை வாங்கிச் சமைத்த கை யோசிக்காமல் துணிக்குப் போகும்.

சிதம்பரம் லெவலுக்குக் கொத்சு. கத்தரிக்காய், புளி, வறுத்துப் பொடித்த தனியாவும் மிளகாயும். பக்கத்தில் சம்பா சாதம் தயார். பொடியை எப்போது போடுவது என்பதைப் புதிராக்கலாம் என்று நினைத்தேன். “புளித்தண்ணி பச்சை வாசனை போகக் கொதிச்சப்புறம்” என்று சித்தி முடித்துவிட்டார். சண்டை வேறு இடத்தில் வந்தது: சின்ன வெங்காயம் சேர்ப்பதா, கூடாதா? கோயில் பிரசாத வழக்கத்தில் கிடையாது என்பது சித்தியின் கட்சி. வெங்காயம் இல்லாமல் என்ன கொத்சு என்பது எதிர்வீட்டு மாமியின் கட்சி. காப்பி ஆறிப்போகும் வரை விவாதம்!

அந்த விவாதம் எனக்குக் கிடைத்த பெரிய புதையல். பெரியவர்களுக்காக விளையாட்டு செய்தால் ஒரே சரியான விடையைப் பூட்டி வைக்கக் கூடாது. வெங்காயம் போட்டால் ஒரு வீட்டின் கதை திறக்கட்டும், போடாவிட்டால் இன்னொரு வீட்டின் கதை. இரண்டுமே ருசியாக முடியட்டும். வயதானவர்களுக்கு ஒரே கேள்விக்குப் பல விடை இருப்பது தெரியும். தங்கள் விடையும் கணக்கில் வருகிறது என்று கண்டால் அவர்கள் ஆட்டத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, கேட்கிறீர்களா? கோடோ போன்ற விளையாட்டு எஞ்சின்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சரக்கு உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் பண்ருட்டிப் பலாத் தோப்பிலும் குவிந்து கிடக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் முதலில் தப்பு செய்யும் இடம் எது என்று கேளுங்கள். அவர் சொல்லும் அந்த இடம்தான் உங்கள் முதல் புதிர். செய்து முடித்ததும் முதல் ஆட்டத்தை அவரிடமே கொடுங்கள், அவர் ஜெயிக்க வேண்டும்!